ஆர்டர் முதலில், அறுவடை பிறகு: கிள்ளை முதல் சிதம்பரம் வரை ஓர் உணவுக் கூட்டுறவு

பிச்சாவரம், கிள்ளைப் பக்கம் கால் ஏக்கரில் கத்தரி போட்டிருக்கும் ஒரு விவசாயியை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மாலையே காயைப் பறித்து, சாக்கில் கட்டி, விடியும் முன் சிதம்பரத்துக்குக் கொண்டு போகிறார். என்ன விலை கிடைக்கும் என்பது அங்கே போய் நின்ற பிறகுதான் தெரியும். வரத்து அதிகம் என்று சொல்லிவிட்டால், கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். திரும்பக் கொண்டுவந்தால் வண்டிக் கூலியும் நஷ்டம், காயும் நஷ்டம்.

அதே காலையில் அண்ணாமலை நகரில் ஒரு குடும்பம், எங்கிருந்தோ இரண்டு நாள் லாரியில் வந்த கத்தரிக்காயைக் கடையில் வாங்குகிறது. கொத்சுக்குப் பேர்போன ஊரில், பக்கத்து வயல் கத்தரிக்காய் பக்கத்து வீட்டு அடுப்புக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 15 கிலோமீட்டர். சாலை இருக்கிறது, பேருந்து இருக்கிறது, இருவர் கையிலும் செல்போனும் இருக்கிறது. எந்தக் குடும்பத்துக்கு, எந்த நாளில், எத்தனை கிலோ வேண்டும் என்ற தகவல் மட்டும் அறுவடைக்கு முன்னால் விவசாயிக்குத் தெரிவதில்லை.

அந்தத் தகவலை முன்கூட்டியே திரட்டித் தருவதுதான் இணையவழி ஆர்டர் பெறும் உணவுக் கூட்டுறவின் வேலை. இதைத் தொடங்கப் பெரிய முதலீடு வேண்டாம், சொந்தச் செயலியும் வேண்டாம். ஆனால், சில விதிகளைக் கறாராகக் கடைப்பிடிக்க வேண்டும்.

உழவர் சந்தையில் இருந்து அடுத்த படி

நேரடி விற்பனை நமக்குப் புதிதல்ல. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. இடைத்தரகர் இல்லாமல் விவசாயியே விற்கலாம் என்பதைத் தமிழ்நாடு முழுவதும் அது நிரூபித்துக் காட்டியது. நுகர்வோர் கூட்டுறவிலும் நமக்கு நூறாண்டைத் தாண்டிய அனுபவம் உண்டு. சென்னை திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904-ல் தொடங்கப்பட்டது.

உழவர் சந்தையில் ஒரு சிரமம் தீராமல் இருக்கிறது. பறித்துக்கொண்டு போன பிறகுதான் விற்பனை. விற்காமல் மிஞ்சுவது விவசாயியின் தலையில் விழுகிறது. ஒரு நாள் முழுக்க அவர் சந்தையில் உட்கார வேண்டும். கால் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கு, குறிப்பாக வீட்டையும் வயலையும் சேர்த்துப் பார்க்கும் பெண் விவசாயிகளுக்கு, அந்த ஒரு நாள் பெரிய செலவு.

இணையவழி ஆர்டர் முறை இந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. முதலில் ஆர்டர், பிறகு அறுவடை. 18 கிலோ கேட்டால் 18 கிலோ மட்டும் பறிக்கிறீர்கள். மீதி செடியிலேயே நிற்கும், அல்லது வழக்கம்போல மண்டிக்குப் போகும்.

இந்த முறைக்கு நன்கு அறியப்பட்ட முன்னோடி அமெரிக்காவின் ஒக்லஹோமா உணவுக் கூட்டுறவு. 2003-ல் தொடங்கிய அந்தச் சங்கத்தில் விவசாயிகளும் நுகர்வோரும் சேர்ந்தே உறுப்பினர்களாக இருந்தார்கள். அந்த மாநிலத்தில் விளைந்தது அல்லது தயாரித்தது மட்டுமே பட்டியலில் இடம்பெற்றது. விலையை விவசாயியே குறித்தார். தொடக்கத்தில் மாதம் ஒரு முறை ஆர்டர் பட்டியல் திறந்து மூடியது. விநியோக நாளில் எல்லா விவசாயிகளும் ஒரே இடத்துக்குச் சரக்கைக் கொண்டுவர, தன்னார்வலர்கள் வீடுவாரியாகப் பிரித்து, ஊர் ஊராக இருந்த பெறுமிடங்களுக்கு அனுப்பினார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் கூட்டுறவு சரக்கை வாங்கி இருப்பு வைக்கவில்லை. விவசாயிக்கும் வீட்டுக்கும் நடுவில் முகவராக மட்டும் நின்றது. அதனால் முதல் முடங்கவில்லை, கிடங்கும் தேவைப்படவில்லை. அவர்கள் உருவாக்கிய ஆர்டர் மென்பொருளைப் பிற மாநிலங்களின் கூட்டுறவுகளுக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். பின்னர் ஆஸ்திரேலியாவில் உருவான 'ஓப்பன் ஃபுட் நெட்வொர்க்' என்ற திறந்த மென்பொருளும் இதே 'ஆர்டர் சுழற்சி' முறையில்தான் இயங்குகிறது. பல நாடுகளில் அது பயன்பாட்டில் இருக்கிறது.

நான் செய்த தவறு

ஊரடங்குக் காலத்தில் மண்டிகள் முடங்கியபோது, ஒரு விவசாயக் குழுவுக்கு நான் ஆலோசனை சொன்னேன். முதலில் ஒரு செயலியைத் தயார் செய்யுங்கள் என்றேன். செயலி வந்தது, ஆர்டர்களும் குவிந்தன. ஆனால், எந்த வாரம் யார் தோட்டத்தில் என்ன இருக்கும் என்ற கணக்கு எங்களிடம் இல்லை. பட்டியலில் இருந்த காய் வயலில் இல்லை. குறைந்ததை நிரப்ப, குழுவில் ஒருவர் மொத்தச் சந்தையில் வாங்கி வந்து பையில் போட்டார். முதல் வாரம் யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவது வாரம் ஓர் அம்மா, "இது உங்க ஊர் காய் இல்லையே தம்பி" என்று கேட்டார். அடுத்த மாதமே பாதிக் குடும்பங்கள் விலகிவிட்டன. செயலிக்குக் கட்டிய பணமும் போயிற்று.

அன்று கற்றுக்கொண்டது இது: கூட்டுறவின் முதல் கருவி ஒரு நோட்டுப் புத்தகம். யார், எதை, எத்தனை சென்டில், எந்தத் தேதியில் விதைத்தார்கள் என்று எழுதி வைக்கும் விதைப்புப் பதிவேடு. அது இல்லாமல் ஆர்டர் பட்டியலைத் திறக்காதீர்கள்.

யாரைச் சேர்ப்பது?

தொடக்கத்தில் 10 முதல் 15 விவசாயிகள் போதும். ஆனால், எல்லோரும் ஒரே ஊராக இருக்கக் கூடாது. நம் பகுதியின் மண்ணைப் பாருங்கள். கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கம் கடலோர மணல். கோடையில் கிணற்று நீர் உப்பேறும். காட்டுமன்னார்கோவில், குமராட்சிப் பக்கம் வீராணம், கொள்ளிடப் பாசனத்தில் களிமண் நெல் வயல்கள். பண்ருட்டி, நெய்வேலிப் பக்கம் செம்மண் மேட்டில் முந்திரி, பலா.

ஒரே மழையில் கடலோரத் தோட்டம் மூழ்கினாலும் மேட்டு நிலம் தப்பும். கோடையில் மேட்டு நிலம் வறண்டாலும் கால்வாய்ப் பாசனப் பகுதியில் ஏதாவது இருக்கும். மூன்று வகை மண்ணில் இருந்தும் உறுப்பினர்கள் இருந்தால் பட்டியல் காலியாகாது. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த 'தானே' புயல், பண்ருட்டிப் பகுதியில் முந்திரியையும் பலாவையும் சாய்த்ததை நாம் மறக்க முடியாது. ஒரே பயிரை, ஒரே ஊரை நம்பிக் கூட்டுறவு நடத்த முடியாது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

வாங்கும் பக்கம் தொடக்கத்தில் 50 முதல் 60 குடும்பங்கள் வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழக ஊழியர் குடியிருப்புகள், பள்ளி ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், சிதம்பரம் வீதிகளில் உள்ள குடும்பங்கள் என்று ஒரு வட்டத்துக்குள் இருப்பவர்களைத் தேடுங்கள். பத்துத் தெருவில் ஐந்தைந்து வீடு என்பதைவிட, மூன்று இடத்தில் இருபது வீடு என்பது வண்டிச் செலவைக் குறைக்கும். வார இறுதியில் பிச்சாவரம் படகுத் துறைக்கு வரும் சுற்றுலாப் பயணிகளை மட்டும் நம்பித் தொடங்காதீர்கள். அவர்கள் ஒரு நாள் வந்து போகிறவர்கள். வாரா வாரம் வாங்கும் உள்ளூர்க் குடும்பம்தான் கூட்டுறவின் அஸ்திவாரம்.

ஒரு வாரச் சுழற்சி

கீழே உள்ளதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நாட்களை உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு வாரா வாரம் மாற்றாதீர்கள்.

திங்கள் காலை: ஒவ்வொரு விவசாயியும் இந்த வாரம் தரக்கூடிய அளவை ஒருங்கிணைப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும். எழுதத் தயங்குபவர்கள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பலாம். ஒருங்கிணைப்பாளர் அதை விதைப்புப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

திங்கள் மாலை: பட்டியல் திறக்கும். கூகுள் படிவம் ஒன்று போதும். காயின் பெயர், விவசாயியின் பெயர், ஊர், விலை, இருப்பு அளவு இவை மட்டும் இருக்கட்டும். எதிர்பார்க்கும் விளைச்சலில் 80 சதவீதத்தை மட்டுமே பட்டியலிடுங்கள். 50 கிலோ கத்தரி வரும் என்று தோன்றினால் 40 கிலோ என்று போடுங்கள். பூச்சி, மழை, கணிப்புப் பிழை எல்லாவற்றுக்கும் அந்த 10 கிலோ காப்பு.

புதன் இரவு 8 மணி: பட்டியல் மூடும். பிறகு வரும் ஆர்டர் அடுத்த வாரத்துக்குத்தான். நெருங்கிய உறவினர் கேட்டாலும் இதில் தளர்வு கூடாது.

வியாழன் காலை: ஒவ்வொரு விவசாயிக்கும் அறுவடைச் சீட்டு போகும். எந்தக் காய், எத்தனை கிலோ என்று அதில் இருக்கும்.

வெள்ளி மாலை: கத்தரி, வெண்டை, பாகல், கொத்தவரை போன்றவற்றை வெயில் தணிந்த பிறகு பறித்து, நிழலில், ஈரச் சாக்கு மூடிய கூடையில் வையுங்கள். காய் மீது நேரடியாகத் தண்ணீர் தெளித்துக் குவித்தால் அழுகல் வரும்.

சனி அதிகாலை: கீரையை மட்டும் இப்போது அறுங்கள். 6 மணிக்கு எல்லாம் தொகுப்பு மையத்துக்கு வந்துவிட வேண்டும். ஒரு சமுதாயக் கூடம் அல்லது வீட்டுத் திண்ணை போதும். எடை போட்டு, வீட்டுப் பெயர் எழுதிய பையில் போட்டு, வண்டியில் ஏற்றுங்கள்.

சனி காலை 8:30 முதல் 10:30 வரை: மூன்று பெறுமிடங்களில் வழங்கல். வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதாக ஆரம்பத்தில் வாக்குக் கொடுக்காதீர்கள். முதல் ஆறு மாதம் அந்தச் செலவைக் கூட்டுறவு தாங்காது.

திங்கள்: விவசாயிகளின் வங்கிக் கணக்கில் பணம் சேர்ந்திருக்க வேண்டும். மண்டியில் அன்றே கையில் பணம் வாங்கிப் பழகியவர்கள் இரண்டு வாரம் காத்திருக்க மாட்டார்கள். பணம் தாமதமாகிற கூட்டுறவில் நல்ல காய் முதலில் மண்டிக்குப் போகும், மிச்சம்தான் கூட்டுறவுக்கு வரும்.

கணக்கு: எத்தனை குடும்பம் இருந்தால் கட்டுப்படியாகும்?

இது ஓர் உதாரணக் கணக்கு. உங்கள் ஊர்க் கூலி, வாடகைக்கு ஏற்ப எண்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

60 குடும்பங்கள், ஒவ்வொன்றும் வாரம் 350 ரூபாய்க்கு வாங்கினால் வார விற்பனை 21,000 ரூபாய். இதில் 12 சதவீதத்தைக் கூட்டுறவு நடத்தும் செலவுக்கு எடுத்தால் 2,520 ரூபாய். குட்டியானை வண்டி வாடகை 900. பிரித்து அடுக்க இரண்டு பேருக்குக் கூலி 800. பை, காகிதம் 250. செல்போன் செலவு 100. சேதத்துக்கு ஈடு 250. சேமநிதி 220. கூட்டினால் 2,520 சரியாக வரும். மீதி 18,480 ரூபாய் விவசாயிகளுக்கு.

குடும்பங்கள் 25 மட்டும் இருந்தால்? வார விற்பனை 8,750. அதில் 12 சதவீதம் 1,050 ரூபாய். வண்டி வாடகை போக 150 ரூபாய் மிஞ்சும். இரண்டு பேரின் கூலியை யார் தருவது? இந்தக் கணக்குப்படி, சேமநிதிக்கு எதுவும் ஒதுக்காமல் செலவை மட்டும் ஈடுகட்டவே சுமார் 55 குடும்பங்கள் தேவை. அந்த எண்ணிக்கை வரும்வரை வாடகை வண்டி எடுக்காதீர்கள். எப்படியும் சிதம்பரம் போகும் ஓர் உறுப்பினரின் வண்டியில், ஒரே ஒரு பெறுமிடத்தோடு நடத்துங்கள்.

ஒரு கிலோ கத்தரியை எடுத்துக்கொண்டால், மண்டியில் உங்களுக்கு 18 ரூபாய் கிடைத்து, கடையில் அது 40 ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூட்டுறவில் 35 ரூபாய் விலை வைத்தால், 12 சதவீதம் போக உங்கள் கைக்கு 30 ரூபாய் 80 காசு வரும். வாங்குபவருக்கும் 5 ரூபாய் மிச்சம்.

விலையில் தடுமாறாதீர்கள்

கூட்டுறவின் உண்மையான சோதனை விலை ஏறும்போதுதான் வரும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கலாம். அப்படி ஒரு வாரத்தில், 40 ரூபாய்க்கு ஆர்டர் எடுத்த தக்காளியை மண்டிக்கு அனுப்பலாமா என்று எந்த விவசாயிக்கும் மனம் சபலப்படும். அனுப்பிவிட்டால், அடுத்து விலை 8 ரூபாய்க்கு இறங்கும்போது அந்தக் குடும்பங்களிடம் போய் நிற்க முடியாது.

இதற்கு ஒரு வழி, பருவத் தொடக்கத்திலேயே ஒவ்வொரு காய்க்கும் தரை விலை, உச்ச விலை இரண்டையும் விவசாயிகளும் நுகர்வோரும் கூடிப் பேசி முடிவு செய்வது. கத்தரி 25 ரூபாய்க்குக் கீழே போகாது, 45 ரூபாய்க்கு மேலே ஏறாது என்பதுபோல. தரை விலை உங்களைக் காப்பாற்றும், உச்ச விலை அவர்களைக் காப்பாற்றும். இந்த ஒப்பந்தத்தை எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். ஆர்டர் போக மீதியுள்ள காயை எந்த விலைக்கு வேண்டுமானாலும் விற்க விவசாயிக்கு உரிமை உண்டு. ஆர்டர் எடுத்த காய்க்கு மட்டும் அந்த உரிமை இல்லை.

சரக்கு குறைந்துவிட்டால் வெள்ளி இரவே சம்பந்தப்பட்ட வீடுகளுக்குச் செய்தி சொல்லி, பணத்தை யுபிஐ வழியே திருப்பிக் கொடுங்கள். வெளிச் சந்தையில் வாங்கி நிரப்பாதீர்கள். "இந்த வாரம் வெண்டை இல்லை, மன்னிக்கவும்" என்ற செய்தியைக் குடும்பங்கள் ஏற்றுக்கொள்ளும். வேறு ஊர்க் காயை நம் ஊர்க் காய் என்று கொடுத்தால் ஏற்றுக்கொள்ளாது.

ஆர்டருக்கு ஏற்ற விதைப்பு

மண்டிக்குப் போடுபவர் ஒரே நாளில் அரை ஏக்கர் கீரை விதைக்கலாம். கூட்டுறவுக்கு அது ஒத்துவராது. சிறுகீரை 25 நாளில் அறுவடைக்கு வரும். எனவே நிலத்தை நான்கு பாத்திகளாகப் பிரித்து, வாரம் ஒரு பாத்தி விதைத்தால் ஒவ்வொரு சனிக்கிழமையும் இளங்கீரை இருக்கும். அரைக்கீரை பலமுறை அறுக்கலாம். முள்ளங்கி சுமார் 45 நாள். வெண்டை ஏறக்குறைய 45 நாளில் காய்க்கத் தொடங்கி, ஒன்றரை மாதம் வரை தரும். வெண்டையை மூன்று வார இடைவெளியில் இரண்டு மூன்று தவணையாக விதையுங்கள்.

ஒரே காயை எல்லோரும் போடாமல் பார்த்துக்கொள்வது ஒருங்கிணைப்பாளரின் வேலை. 60 குடும்பம் வாரம் அரை கிலோ கத்தரி வாங்கினால் 30 கிலோ. அதற்கு இரண்டு விவசாயிகள் போதும். ஐந்து பேர் போட்டால் மூன்று பேருக்கு ஏமாற்றம். பருவத் தொடக்கத்தில் கூடிப் பேசிப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். கத்தரி, கீரை, பலா ரகங்களுக்குப் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தையும், நிலக்கடலை, முந்திரி ரகங்களுக்கு விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தையும் அணுகலாம்.

அடுத்தது மழைக்காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் நம் கடைமடைப் பகுதியில் காய்கறி இருக்காது. இதை மறைக்க வேண்டாம். அந்த மாதங்களுக்கு உலர்பொருள் பட்டியல் ஒன்று வையுங்கள். அரிசி, அவல், உளுந்து, நிலக்கடலை, செக்கில் ஆட்டிய எண்ணெய், தேங்காய், முந்திரிப் பருப்பு, நாட்டுக்கோழி முட்டை. வாரம் ஒரு முறை என்பதை இரு வாரத்துக்கு ஒரு முறையாக மாற்றிக்கொள்ளுங்கள். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு வயலில் உளுந்து தெளிக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்த உளுந்தில் ஒரு பகுதியைக் காயவைத்து, சுத்தம் செய்து கூட்டுறவுக்கு ஒதுக்கினால் அடுத்த மழைக்காலம் வரை பட்டியலில் பெயர் இருக்கும். மே, ஜூன் மாதங்களில் பலாவை முழுப் பழமாக விற்பதைவிட, சுளையாக எடுத்துத் தருவதற்கு நகரக் குடும்பங்களில் வரவேற்பு அதிகம். ஆனால், அது சுத்தமும் குளிரும் கேட்கிற வேலை.

மீன், நண்டு, இறால் பற்றிப் பலரும் கேட்பார்கள். பிச்சாவரம் கால்வாய்களில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. அவர்களுக்கும் இந்தக் கூட்டுறவில் இடம் வேண்டும். ஆனால், அதைக் காய்கறியோடு கலக்காதீர்கள். மீனுக்குச் சம எடை பனிக்கட்டி, தனிப் பெட்டி, தனி நாள், பிடித்த அன்றே வழங்கல் என்பவை கட்டாயம். காய்கறிச் சுழற்சி ஓராண்டு ஓடிய பிறகு அதைத் தொடங்குவது நல்லது.

பதிவும் சட்டமும்

முதல் நாளே சங்கம் பதிவு செய்ய ஓடாதீர்கள். முதல் மூன்று மாதம் குழுவாக நடத்திப் பாருங்கள். தமிழ்நாட்டில் கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 20 விவசாயிகள் சேர்ந்து உழவர் ஆர்வலர் குழு, அதுபோல ஐந்து குழுக்கள் சேர்ந்து 100 பேர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழு என்ற அமைப்பு 2017-18 முதல் இருக்கிறது. உங்கள் ஊரில் அப்படி ஒரு குழு இருந்தால் அதற்குள்ளேயே தொடங்கலாம். மகளிர் சுய உதவிக் குழுவாகவும் தொடங்கலாம். அவர்களின் பொருட்களை விற்க 'மதி' என்ற வணிகப் பெயரும், 'மதி சந்தை' இணையதளமும் ஏற்கெனவே உள்ளன.

வளர்ந்த பிறகு இரண்டு வழிகள். முதலாவது, உற்பத்தியாளர் நிறுவனம். குறைந்தது 10 விவசாயிகள் சேர்ந்து பதிவு செய்யலாம். இயக்குநர்கள் ஐந்து பேராவது வேண்டும். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குதான். ஆனால், இதில் உற்பத்தியாளர்கள் மட்டுமே உறுப்பினராக முடியும். வாங்கும் குடும்பங்களையும் உறுப்பினராக்க விரும்பினால் இரண்டாவது வழி, 1983-ம் ஆண்டு தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் பதிவு செய்வது. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை வேளாண் விற்பனை மற்றும் வேளாண் வணிகத் துறை அலுவலரிடமும், கூட்டுறவுத் துறை அலுவலகத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும். எண்ணெய், அவல், ஊறுகாய், பலாச்சுளை போன்ற பதப்படுத்திய பொருட்களுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். சிப்பமிட்டு லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசி, பருப்புக்கு 2022 ஜூலை 18 முதல் சரக்கு-சேவை வரி விதிக்கப்பட்டது. எனவே உலர்பொருள் பட்டியல் தொடங்கும் முன் ஒரு கணக்காளரிடம் பேசுங்கள். 'இயற்கை விளைபொருள்' என்று வாய்வார்த்தையாக விளம்பரம் செய்யாதீர்கள். குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் தோட்டத்தை மற்றவர் ஆய்வு செய்யும் பங்கேற்பு உறுதியளிப்பு முறையில் சான்று பெறலாம். சான்று வரும்வரை, என்ன உரம் போட்டீர்கள், எந்த மருந்தை எந்தத் தேதியில் அடித்தீர்கள் என்பதைப் பட்டியலிலேயே எழுதுங்கள்.

வங்கிக் கணக்கு குழுவின் பெயரில், இரண்டு பேர் கையெழுத்தில் இருக்க வேண்டும். கியூஆர் அட்டையும் அந்தக் கணக்குக்கே. ஒருங்கிணைப்பாளரின் சொந்தக் கணக்கில் பணம் வாங்கினால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் ஒரு நாள் சந்தேகம் வரும்.

களப் பணியாளர்களுக்கு

உதவி வேளாண்மை அலுவலர்கள், உதவி தோட்டக்கலை அலுவலர்கள், ஆத்மா திட்டப் பணியாளர்கள் இதில் செய்யக்கூடிய உதவி மூன்று. விதைப்புப் பதிவேட்டை எப்படி எழுதுவது என்று முதல் பருவம் முழுக்க உடனிருந்து கற்றுக்கொடுங்கள். தரை விலை, உச்ச விலைக் கூட்டத்தை நடுநிலையாக நின்று நடத்திக் கொடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரவு செலவை எல்லோர் முன்னும் வாசிக்கச் செய்யுங்கள். ஒருங்கிணைப்பாளராக ஊரிலேயே தங்கியிருக்கும் இளைஞர் அல்லது பெண் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவருக்கு மாதச் சம்பளமோ வாரக் கூலியோ உறுதி செய்யுங்கள். சும்மா செய்யும் வேலை ஆறு மாதத்துக்கு மேல் நிற்காது.

செயலி எப்போது? 150 குடும்பங்களைத் தாண்டி, கூகுள் படிவத்தில் கூட்டிக் கழிக்க ஒரு முழு நாள் ஆகும்போது யோசியுங்கள். அப்போதும் புதிதாக உருவாக்கப் பணம் கட்டாமல், ஏற்கெனவே இருக்கும் திறந்த மென்பொருட்களை முதலில் பாருங்கள்.

இந்த வாரமே தொடங்க விரும்பினால், மூன்று வேலைகள். ஒரு நோட்டு வாங்கி, அக்கம்பக்கத்தில் பத்துப் பேர் தோட்டத்தில் இன்று என்ன நிற்கிறது, எப்போது அறுவடைக்கு வரும் என்று எழுதுங்கள். சிதம்பரத்தில் தெரிந்த இருபது குடும்பங்களிடம், வாரம் என்னென்ன காய் எத்தனை கிலோ வாங்குகிறீர்கள் என்று கேட்டு எழுதுங்கள். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கெல்லாம் பொருந்துகிறதோ, அதுதான் உங்கள் முதல் ஆர்டர் பட்டியல். ஆறு காய் பொருந்தினால் ஆறு காயோடு தொடங்கலாம்.